ஐந்து கிராம் அழுத்தம்

அமெரிக்காவின் ஐந்து சென்ட் நாணயம் சரியாக ஐந்து கிராம் எடை கொண்டது. ஒருவருடைய தலையைத் தொடும் விரல்கள் அந்த எடைக்கு மேல் அழுத்தக் கூடாது என்பது கிரேனியோசேக்ரல் தெரபி கற்பவர்களுக்குச் சொல்லித்தரப்படும் முதல் விதி. மண்டையோடு, முதுகின் அடியில் இருக்கும் திருவெலும்பு, இரண்டுக்கும் நடுவே மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் உறைகள், அவற்றுக்குள் இருக்கும் திரவம் எல்லாம் சேர்ந்து ஒரே அமைப்பு. அதில் ஏற்படும் இறுக்கத்தை மிக மெல்லிய தொடுதலால் தளர்த்தலாம் என்பது இதன் கொள்கை. எண்ணெய் கிடையாது, உருவிவிடுதல் கிடையாது, நெட்டி முறித்தல் கிடையாது. உடுத்திய உடையோடு மல்லாந்து படுத்துக்கொண்டால் போதும். ஒருவர் முக்கால் மணி நேரமோ ஒரு மணி நேரமோ அங்கங்கே கை வைத்தபடி உட்கார்ந்திருப்பார். கதவைத் திறந்து எட்டிப் பார்ப்பவருக்கு உள்ளே எதுவும் நடப்பதாகவே தெரியாது.

எனக்கு இது பிடித்திருக்கிறது. இதற்குச் சொல்லப்படும் விளக்கம் பெரும்பாலும் தவறு என்றும் நினைக்கிறேன். இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வதால் சிகிச்சை செய்பவர்களுக்கும் கோபம், என் மருத்துவ நண்பர்களுக்கும் கோபம். இருந்தாலும் இரண்டையும் எழுதிவைக்கிறேன். மன அழுத்தத்துக்கும் குழந்தைகளின் தூக்கமின்மைக்கும் நல்லது என்று கேள்விப்பட்டு என்னிடம் விசாரிப்பவர்கள் அதிகமாகிவிட்டார்கள்.

இந்தக் கதை ஒரு மண்டையோட்டில் தொடங்குகிறது. வில்லியம் கார்னர் சதர்லேண்ட் 1873இல் பிறந்த அமெரிக்கர். மினசோட்டாவில் செய்தித்தாள் வேலையில் இருந்தவர், அதை விட்டுவிட்டு, ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் ஊரில் 1892இல் தொடங்கிய ஆஸ்டியோபதிக் கல்லூரியில் சேர்ந்தார். எலும்பையும் மூட்டையும் தசையையும் கையால் சரிசெய்து நோயைத் தீர்க்கலாம் என்று தொடங்கிய மருத்துவ முறை அது. அங்கே ஒரு மண்டையோட்டை எலும்பு எலும்பாகப் பிரித்து, கம்பியில் கோத்துக் காட்சிக்கு வைத்திருந்தார்கள். காதுக்கு மேலுள்ள எலும்பின் விளிம்பு சரிவாகச் சீவியதுபோல் இருப்பதை 1899 வாக்கில் சதர்லேண்ட் பார்த்தார். மீனின் செவுள் அவர் நினைவுக்கு வந்தது. செவுள் என்றால் மூச்சு, மூச்சு என்றால் அசைவு. அப்படியானால் மண்டையோட்டின் எலும்புகளும் அசைந்து ஏதோ ஒரு மூச்சை நடத்துகின்றனவா?

கேலிக்குரிய எண்ணம் என்று அவருக்கே தோன்றியது. அதைத் தவறென்று நிரூபித்துவிட்டு மறந்துவிடலாம் என்று பல ஆண்டுகள் தன் தலையையே சோதனைக்கூடமாக்கினார். கால்பந்தாட்டக்காரர்கள் அணியும் தலைக்கவசத்தை வெட்டி, தோல் வார்களைப் பொருத்தி, தலையின் ஒவ்வொரு பகுதியையும் தனித்தனியாக இறுக்கிப் பார்த்தார். இறுக்கியபோது தலைவலி வந்தது, மனநிலை மாறியது. அவர் மனைவி அதைக் கவனித்துவந்தார். எலும்புகள் அசைகின்றன என்ற முடிவோடு 1939இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். 1954இல் இறக்கும்வரை அதைக் கைவிடவில்லை.

எனக்கு இந்த மனிதர்மேல் பிரியம் உண்டு. தன் தலையை வாரால் இறுக்கிக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருந்தவரை எப்படி வெறுப்பது? ஆனால் தலையைப் பல ஆண்டுகள் இறுக்கிப் பார்த்தால் யாருக்கும் தலைவலி வரும், யார் மனநிலையும் மாறும். அதிலிருந்து எலும்பு அசைகிறது என்ற முடிவுக்குப் போவது, வவுச்சர் இல்லாமல் பேரேட்டில் பதிவு போடுவது மாதிரி. நான் ஆடிட்டர் அலுவலகத்தில் வேலை செய்பவள். இந்த விஷயத்தில் எனக்கு இரக்கம் குறைவு.

அடுத்தவர் ஜான் அப்லெட்ஜர். இவரும் ஆஸ்டியோபதி மருத்துவர். 1970 வாக்கில் ஒரு கழுத்து அறுவைச் சிகிச்சையில் உதவியாளராக நின்றார். தண்டுவடத்தின் உறையை அசையாமல் பிடித்துக்கொள்வது அவர் வேலை. அவரால் பிடிக்க முடியவில்லை. நோயாளியின் இதயத்துடிப்போடும் மூச்சோடும் சேராத மெதுவான ஒரு தாளத்தில் உறை அசைந்துகொண்டே இருந்தது என்று பிற்பாடு எழுதினார். 1975 முதல் 1983 வரை மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதை ஆராய்ந்தார். 1985இல் புளோரிடாவில் தன் பெயரிலேயே ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கினார். அதுவரை ஆஸ்டியோபதி மருத்துவர்களுக்குள்ளேயே இருந்த இந்த முறையை மசாஜ் செய்பவர், செவிலியர், பெற்றோர் என்று எல்லாருக்கும் திறந்துவிட்டவர் அவர்தான். அங்கே முதல்நிலை வகுப்பு நான்கு நாள். இரண்டு ஆண்டுகள் கற்றுத்தரும் வேறு பள்ளிகளும் பிற்பாடு வந்தன. உலகமெங்கும் பரவியது இப்படித்தான். புதுச்சேரியில் இருக்கும் எனக்கு இது அறிமுகமானதும் பக்கத்தில் ஆரோவில் இருப்பதால்தான்.

அப்லெட்ஜர் பார்த்த தாளத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இந்தச் சிகிச்சையின் அஸ்திவாரமே அதுதான். மூளையைச் சுற்றிலும் தண்டுவடத்தைச் சுற்றிலும் இருக்கும் திரவம் ஒரு சமயத்தில் சுமார் 150 மில்லி. ஒரு நாளைக்கு உடல் சுமார் 500 மில்லி சுரக்கிறது. அதாவது முழுத் திரவமும் நாளொன்றுக்கு மூன்று முறைக்கு மேல் புதிதாகிறது. அது தேங்கிக் கிடக்கும் நீரும் அல்ல. ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் அசைகிறது, மூச்சை ஆழமாக இழுத்தால் இன்னும் நன்றாக நகர்கிறது. எம்ஆர்ஐ படங்களில் இதைப் பார்க்கலாம். இதுவரை சண்டையே இல்லை.

சண்டை மூன்றாவது தாளத்தில் வருகிறது. இதயத்தோடும் நுரையீரலோடும் சேராமல், நிமிடத்துக்கு ஆறிலிருந்து பன்னிரண்டு முறை தானாக எழுந்து அடங்கும் ஓர் அலை இருக்கிறது, பழகிய விரல்களால் அதை உணர முடியும் என்கிறார்கள். 1994இல் அமெரிக்காவில் இதை நேராகச் சோதித்தார்கள். இந்த முறையில் தேர்ந்த மூன்று இயன்முறை மருத்துவர்கள், குழந்தைகளும் பெரியவர்களுமாகப் பன்னிரண்டு பேரைத் தொட்டு, அலையை எண்ணிச் சொன்னார்கள். ஒருவர் சொன்ன எண்ணுக்கும் இன்னொருவர் சொன்ன எண்ணுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் செய்த சோதனைகளும் இதே முடிவைத்தான் தந்தன. 2006இல் மயக்க மருந்து கொடுத்த முயல்களின் மண்டையோட்டில் ஐந்து முதல் இருபது கிராம் வரை விசை கொடுத்துப் பார்த்தார்கள். எலும்பும் குறிப்பிடும்படி அசையவில்லை, உள்ளே இருந்த அழுத்தமும் மாறவில்லை.

அப்படியானால் சிகிச்சை செய்பவர்கள் பொய் சொல்கிறார்களா? இல்லை. நம் எல்லார் உடலிலும் ரத்த அழுத்தம் நிமிடத்துக்குச் சுமார் ஆறு முறை மெதுவாக ஏறி இறங்குகிறது. அதைப் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டுபிடித்து மேயர் அலை என்று பெயரும் வைத்துவிட்டார்கள். படுத்திருப்பவரின் தோலில் அது இருக்கிறது, தொடுபவரின் விரல் நுனியிலும் இருக்கிறது. அரை மணி நேரம் அசையாமல் கை வைத்திருக்கும் ஒருவருக்கு இரண்டும் கலந்து ஓர் அலை தெரிவது இயல்பு. அது யாருடையது என்பதை விரலால் பிரித்தறிய முடியாது. ஆளுக்கு ஓர் எண் வந்ததற்கு எனக்குப் பொருத்தமாகத் தோன்றும் காரணம் இதுதான்.

பலன் பற்றிய ஆய்வுகளில் முடிவுகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. 2016இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், நாள்பட்ட கழுத்துவலி உள்ள 54 பேரில் ஒரு பாதிக்கு இந்தச் சிகிச்சையும், மறுபாதிக்கு அதே இடங்களில் வெறும் கைவைப்பும் எட்டு வாரம் கொடுத்தார்கள். சிகிச்சை பெற்றவர்களுக்கு வலி அதிகமாகக் குறைந்தது. 2020இல் நாள்பட்ட வலி குறித்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பலன் தெரிந்தது. 2024இல் வந்த இன்னொரு தொகுப்பாய்வு பலன் இல்லை என்றது. கை வைப்பவருக்குத் தான் கொடுப்பது நிஜமா போலியா என்பது தெரியாமல் இருக்க வழியே இல்லாததால் இந்த வகை ஆய்வுகளில் எப்போதும் ஒரு பலவீனம் உண்டு. யாராவது உங்களிடம் இது அறிவியல்பூர்வமாக நிரூபிக்கப்பட்டது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். வெறும் ஏமாற்று என்று சொல்பவரிடம், நாள்பட்ட வலிக்கு வேறு என்ன வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இனி என் விஷயம். மாதந்தோறும் 20ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டி கணக்கு, காலாண்டுக்கு டிடிஎஸ், ஜூலை முடிவதற்குள் வருமான வரி, பிறகு தணிக்கை. இந்த வேலையில் கடைசித் தேதி என்பது ஒரு நாள் அல்ல, ஒரு பருவம். எனக்கு இரவில் பல்லைக் கடிக்கும் பழக்கம் வந்துவிட்டது. காலையில் எழுந்தால் தாடை கனக்கும். பிடரியிலிருந்து கண்ணுக்குப் பின்னால் வரை வலி இழுக்கும். பல் மருத்துவர் கடைவாய்ப்பற்கள் தேய்ந்திருப்பதைக் கண்ணாடியில் காட்டி, இரவில் போட்டுக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் காப்பு செய்து கொடுத்தார். அது பற்களைக் காப்பாற்றியது. கடிப்பதை நிறுத்தவில்லை.

அலுவலகத் தோழி சொல்லித்தான் குயிலாப்பாளையத்தில் ஒரு பெண்ணிடம் போனேன். ஆரோவில்லுக்கு வந்துபோகும் ஐரோப்பியர்களிடம் கற்றுக்கொண்ட உள்ளூர்ப் பெண், என்னைவிட இளையவர். போனதும் அவர் கேட்ட கேள்வி, "எங்கே தொட வேண்டாம், அக்கா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஆகியும் அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. யோசித்துவிட்டு, "கழுத்தின் முன்பக்கம்" என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. "வேண்டாம் என்று எப்போது தோன்றினாலும் கையைத் தூக்குங்கள், எடுத்துவிடுவேன்" என்று மட்டும் சொன்னார்.

முதலில் பாதங்களைப் பிடித்துக்கொண்டார். பிடித்தார் என்றுகூடச் சொல்ல முடியாது, வைத்துக்கொண்டார். பிறகு இடுப்பின் இரு பக்கமும். பிறகு ஒரு கை முதுகின் அடியில், ஒரு கை அடிவயிற்றின் மேல். நான் மனத்துக்குள் அன்றைய பாக்கி வேலைகளை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். வயிறு சத்தமாகக் கடமுடவென்றது. மன்னிப்புக் கேட்டேன். "நல்லதுதான்" என்றார். கடைசியில் தலைமாட்டில் உட்கார்ந்து, பிடரி எலும்பின் கீழ் விளிம்பில் விரல் நுனிகளை வரிசையாக வைத்து, தலையின் எடை முழுவதையும் தன் உள்ளங்கைகளில் வாங்கிக்கொண்டார். மனிதத் தலை நாலைந்து கிலோ இருக்கும். தூங்கும்போதுகூட அதை நான் முழுதாக யாரிடமும் கொடுத்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. பிடரித் தசைகள் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுத்தன. வாய் தானாகத் திறந்தது, பற்கள் விலகின. அதற்குப் பிறகு என் குறட்டைச் சத்தத்தில்தான் விழித்தேன்.

"நடுவில் அலை கொஞ்ச நேரம் நின்று மறுபடி வந்தது" என்றார். அந்த நிற்றலுக்கு அவர்கள் தனி மதிப்புத் தருகிறார்கள். உடல் தன்னைத்தானே சரிசெய்துகொள்ளும் நேரம் என்கிறார்கள். நான் விடவில்லை. வேறு மூன்று பேர் தொட்டால் மூன்று பேருக்கும் அதே நேரத்தில் நின்றதாகத் தெரியுமா என்று கேட்டேன். "புத்தகத்தில் அப்படித்தான் இருக்கிறது. என் கைக்கும் அப்படித் தெரிகிறது. சோதித்துப் பார்த்ததில்லை, அக்கா" என்றார். அந்தப் பதிலுக்காகவே தொடர்ந்து போனேன்.

தாடைவலி குறைந்தது. போகும் வாரங்களில் நன்றாகக் குறைகிறது, போகாத மாதங்களில் திரும்புகிறது. இதைச் சிகிச்சையின் வெற்றி என்று சொல்வேனா? வாரத்தில் ஒரு மணி நேரம் கைபேசியை அணைத்துவிட்டு, இருண்ட அறையில் படுத்து, யாரும் எதுவும் கேட்காமல் இருந்தால் யாருக்கும் கொஞ்சம் குறையத்தான் செய்யும். மூச்சு நீண்டு, இதயம் நிதானமாகி, தசை தளர்வதற்குத் திரவத்தின் அலை தேவையில்லை. இன்னொரு பக்கம், அதே ஒரு மணி நேரம் என் வீட்டுக் கட்டிலில் எனக்குக் கிடைக்கவில்லையே, காசு கொடுத்தால்தானே கிடைக்கிறது என்பதும் உண்மை. ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. எல்லாராலும் முடியாது.

அந்த ஐந்து கிராமில் மாயம் எதுவும் இருப்பதாகவும் எனக்குத் தோன்றவில்லை. நம் தோலில், முடி உள்ள பகுதிகளில், மெதுவான வருடலுக்கென்றே இருக்கும் நரம்பிழைகள் உண்டு. விநாடிக்கு ஒன்றிலிருந்து பத்து சென்டிமீட்டர் வேகத்தில், உடல் சூட்டில் இருக்கும் கை வருடினால் அவை அதிகம் விழித்துக்கொள்கின்றன. அந்த வருடலைத்தான் நாமும் இதமானது என்கிறோம். ஆனால் கிரேனியோசேக்ரலில் வருடல் இல்லை, கை அசையாமல் இருக்கிறது. மியாமியில் டிஃபனி ஃபீல்ட் என்ற உளவியலாளர் குறைமாதக் குழந்தைகளிடம் 1986இல் செய்த புகழ்பெற்ற ஆய்வில், தடவிக்கொடுக்கப்பட்ட குழந்தைகளின் எடை மற்றவர்களைவிட 47 விழுக்காடு அதிகமாக ஏறியது. ஆறு நாள் முன்னதாக வீட்டுக்குப் போனார்கள். அந்த ஆய்வுகளிலிருந்து அவர் கண்டது, மிக மெல்லிய தொடுதல் குழந்தைக்குக் கூச்சமாகத்தான் தெரிகிறது, மிதமான அழுத்தம்தான் பலன் தருகிறது என்பது. எவ்வளவு லேசோ அவ்வளவு ஆழம் என்று விளம்பரத்தாள்களில் வருவதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

எனக்குப் புதிதாக இருந்தது மென்மை அல்ல, அந்த முதல் கேள்வி. தமிழ் வீடுகளில் தொடுதலுக்குப் பஞ்சமில்லை. பிறந்த குழந்தையைக் காலில் கிடத்தி எண்ணெய் தேய்த்து, மூக்கை நீவி, தலையை உருட்டி வடிவம் பிடித்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டித் தூங்கவைக்கும் பாட்டிகளின் கை தேர்ந்த கை. சித்த மருத்துவத்தில் தொக்கணம் என்று தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் எனத் தொடங்கி ஒன்பது வகை இருக்கிறது. சலூனில் முடி வெட்டி முடித்ததும் தலையைத் தட்டி, தாடையைப் பிடித்துக் கழுத்தைச் சடக்கென்று திருப்பிவிடும் சேவை இன்னும் இலவசமாகக் கிடைக்கிறது. கழுத்தில் ஓடும் ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போகலாம் என்பதால், யார் அன்போடு செய்ய வந்தாலும் அதை மறுத்துவிடுங்கள். இவை எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று உண்டு. எல்லாமே நம்மைச் சரிசெய்ய வருகின்றன. கோணலை நிமிர்த்த, பிடிப்பை எடுக்க, வடிவத்தை மாற்ற. நம் சம்மதத்தை எவரும் கேட்பதில்லை. வலித்தால் "கொஞ்சம் பொறு" என்பார்கள்.

பெரியவர்களாவது எழுந்து போகலாம். குழந்தைகளால் முடியாது. குழந்தை விடாமல் அழுதால் உரம் விழுந்துவிட்டது என்று சொல்லி, புடவையில் போட்டு இரண்டு பேர் இரு பக்கமும் பிடித்து உருட்டும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. முறத்தில் போட்டும் குலுக்குவார்கள். குழந்தையின் கழுத்துத் தசை தலையைத் தாங்காத வயதில் இது ஆபத்து. உலுக்கலில் மூளையைச் சுற்றியுள்ள ரத்தக்குழாய் அறுந்துவிடலாம். பிறந்த குழந்தையின் மண்டையோடு இன்னும் மூடியிருக்காது. பிடரிப் பக்கத்து இடைவெளி இரண்டு மூன்று மாதத்தில் மூடும், உச்சிக்குழி மூட ஒன்றரை வயது ஆகலாம். மண்டையோட்டு எலும்புகள் நிஜமாகவே அசையும் ஒரே வயது அதுதான். அதனால்தான் அந்த வயதில் அவற்றை அசைக்கப் போகக் கூடாது.

மென்மையானது என்ற பெயர் மட்டுமே பாதுகாப்பு ஆகிவிடாது. நெதர்லாந்தில் மூன்று மாதக் குழந்தை ஒன்று, கிரேனியோசேக்ரல் சிகிச்சையாளர் என்று சொல்லிக்கொண்ட ஒருவர் கழுத்தையும் முதுகையும் வளைத்துக் கையாண்டபின் இறந்தது. 2009இல் அந்நாட்டு மருத்துவ இதழில் அது பதிவாகியிருக்கிறது. அவர் செய்தது ஐந்து கிராம் தொடுதல் இல்லை என்று மற்ற சிகிச்சையாளர்கள் சொல்வது சரிதான். ஆனால் பெயர்ப்பலகையைப் பார்த்துப் போகும் தாய்க்கு அது எப்படித் தெரியும்? நம் நாட்டில் இது ஆயுஷ் முறைகளில் ஒன்றல்ல. நான்கு நாள் வகுப்பு முடித்தவரும் பத்து ஆண்டு அனுபவம் உள்ளவரும் ஒரே மாதிரிப் பலகையை மாட்டிக்கொள்ளலாம்.

என் அக்கா கடலூரில் இருக்கிறாள். அவள் மகனுக்கு ஒன்பது வயது. திங்கட்கிழமை காலையில் அவனுக்கு வயிறு வலிக்கும். குழந்தை மருத்துவர் ஸ்கேன் வரை எடுத்துப் பார்த்துவிட்டு, உறுப்பில் கோளாறு எதுவும் இல்லை, ஆனால் வலி நிஜம், அவன் நடிக்கவில்லை என்று தெளிவாகச் சொன்னார். நல்ல மருத்துவர். அக்காவுக்கு அந்தப் பதில் போதவில்லை. என் தாடைவலிக் கதையைக் கேட்டுவிட்டு, விடுமுறையில் அவனை அழைத்துக்கொண்டு வந்துவிட்டாள்.

அவன் படுக்க மாட்டேன் என்றான். அந்தப் பெண், "சரி, படுக்க வேண்டாம்" என்று தரையில் உட்கார்ந்துகொண்டு, ஒரு கூடை மரக்கட்டைகளை அவன் முன்னால் வைத்தார். அவன் கோபுரம் கட்டினான். கொஞ்ச நேரம் கழித்து, முதுகில் கை வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றான். கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். பின்னர் அவனே நகர்ந்து வந்து சாய்ந்துகொண்டான். அவர் முதுகில் கை வைத்திருந்தது கொஞ்ச நேரம்தான்; தலையைத் தொடவே இல்லை.

வெளியே வந்ததும் அக்காவுக்குக் கோபம். "இதற்கா இவ்வளவு பணம்? வேண்டாம் என்றால் விட்டுவிடுவதா? குழந்தை என்றால் வேண்டாம் என்றுதான் சொல்லும்." எனக்கோ அந்த அமர்விலேயே மதிப்பான பகுதி அதுதான் என்று பட்டது. அவனை ஒரு நாளில் எத்தனை கைகள் தொடுகின்றன என்று நினைத்துப் பாருங்கள். தலையில் எண்ணெய் தேய்த்து வகிடு எடுக்கும் கை, கன்னத்தைக் கிள்ளும் உறவினர் கை, வரிசையில் நிறுத்தத் தோளைப் பிடித்துத் தள்ளும் கை, எழுத்து கோணினால் காதைத் திருகும் கை. ஒன்றையும் அவன் வேண்டாம் என்று சொல்லி நிறுத்தியதில்லை. அன்றைக்கு ஒரு பெரியவரின் கை அவன் சொன்னதும் நின்றது.

வயிற்றுவலி குறைந்ததா என்று கேட்பீர்கள். விடுமுறை முழுவதும் இல்லை. பள்ளி திறந்ததும் திரும்ப வந்தது, முன்பைவிடக் குறைவாக. அவனுடைய மாலை டியூஷனை அக்கா நிறுத்தியதும் அதே சமயத்தில்தான். எது காரணம் என்று பிரிக்க என்னிடம் கருவி இல்லை.

குழந்தைகள் விஷயத்தில் பெற்றோரின் கண் எவ்வளவு ஆசையோடு பார்க்கும் என்பதற்கு ஓர் ஆய்வு இருக்கிறது. மூளை முடக்குவாதம் உள்ள 142 குழந்தைகளை வைத்து இங்கிலாந்தில் செய்து 2011இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவுக்கு ஆறு மாதத்தில் ஆறு முறை, மண்டையோட்டை மையமாகக் கொண்ட ஆஸ்டியோபதி சிகிச்சை. மறுபிரிவு காத்திருப்புப் பட்டியலில். எந்தக் குழந்தை எந்தப் பிரிவு என்று தெரியாதவர்கள் அசைவுத் திறனை அளந்தபோது வித்தியாசம் இல்லை. ஆனால் குழந்தையின் பொது உடல்நிலை மேம்பட்டிருக்கிறது என்று சொன்ன பெற்றோர், சிகிச்சைப் பிரிவில் 38 விழுக்காடு, மற்றதில் 18. அந்தப் பெற்றோர் பொய் சொல்லவில்லை. யாரோ ஒருவர் தங்கள் குழந்தையை அவசரமில்லாமல் தொட்டுப் பார்த்தது அவர்களுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வீட்டில் எல்லாருக்குமே கொஞ்சம் மூச்சுவிட முடிந்திருக்கும். ஆனால் அந்த ஆறுதலை மூளை முடக்குவாதத்துக்கோ ஆட்டிசத்துக்கோ சிகிச்சை என்று விற்பவர் மன்னிக்கத்தக்கவர் அல்ல. அப்படி ஒரு துண்டுத்தாள் என் கைக்கும் வந்தது. ஆட்டிசம், கவனக்குறைவு, திக்குவாய், மாறுகண் எல்லாவற்றையும் ஒரே வரியில் போட்டிருந்தார்கள். அந்தப் பெற்றோர் பேச்சுப் பயிற்சிக்கும் இயன்முறை சிகிச்சைக்கும் செலவிட வேண்டிய பணமும் வயதும் அங்கே போகின்றன.

பிறந்த குழந்தைக்குத் தொடுதலால் நன்மை என்பதற்கு உறுதியான சான்று இருப்பது வேறோர் இடத்தில், அதுவும் செலவே இல்லாமல். தாயின் வெற்று மார்போடு குழந்தையைச் சேர்த்து வைக்கும் கங்காரு தாய்ப் பராமரிப்பு, 1970களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டா நகரில் இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்தது. இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2021இல் வெளியிட்ட ஆய்வில், எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனே இதைத் தொடங்கியபோது இறப்பு 25 விழுக்காடு குறைந்தது.

இதையெல்லாம் கேட்டபிறகும் போய்ப் பார்க்க விரும்புகிறவர்களிடம் நான் சொல்வது கொஞ்சம்தான். தலையில் அண்மையில் அடிபட்டவர்கள், மூளையில் ரத்தக்கசிவோ ரத்தக்குழாய் வீக்கமோ உள்ளவர்கள் போகவே கூடாது. குழந்தைக்குத் தூக்கத்தைக் கலைக்கும் தலைவலி, விடியற்காலை வாந்தி, உச்சிக்குழி புடைத்தல் இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். மருந்தை நிறுத்தச் சொல்பவரிடமும் தடுப்பூசி வேண்டாம் என்பவரிடமும் திரும்பிப் போகாதீர்கள். குழந்தையை உள்ளே விட்டுவிட்டு உங்களை வெளியே உட்காரச் சொன்னால் குழந்தையோடு எழுந்து வந்துவிடுங்கள்.

பெரியவர்களுக்கு அப்லெட்ஜரே வீட்டில் செய்துகொள்ள ஒரு வழி சொல்லியிருக்கிறார். இரண்டு டென்னிஸ் பந்துகளை ஒரு காலுறைக்குள் நெருக்கமாகப் போட்டு முடிச்சிட்டு, அதன்மேல் பிடரி எலும்பு படியும்படி பத்து நிமிடம் மல்லாந்து படுப்பது. எந்தத் திரவத்தின் அலையும் அதனால் நிற்காது என்பது என் கருத்து. கணக்கு முடிக்கும் வாரங்களில் நான் அதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன்.

அக்கா அதற்குப் பிறகு அவனை அங்கே அழைத்துப் போகவில்லை. இரவில் அவன் தூங்கும் முன் அவளே கை வைக்கிறாள். முதுகு வேண்டாம், தலை வேண்டாம், பாதம் மட்டும் என்று அவன் விதி போட்டிருக்கிறான். சீரியல் பார்த்துக்கொண்டே செய்தால் காலை இழுத்துக்கொள்கிறானாம். தொலைக்காட்சியை அணைத்த பிறகுதான் நீட்டுகிறான் என்று போன வாரம் தொலைபேசியில் சலித்துக்கொண்டாள்.